துறவி ஓதிய கடிதம்

“அப்போ இனிமே உன்னைய எப்படிக் கூப்பிடணும்? சாமின்னா?”

நான்கு வருடங்களுக்கு முன்பு, இந்த வேலை கிடைத்த அன்று கணவன் ததேயு கேட்ட முதல் கேள்வி அதுதான். எமில்டா அப்போது அயர்லாந்துக் கடலில் பிடித்த மீனைத் தூத்துக்குடி மசாலாவுக்குப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

“தந்தையேன்னு கூப்பிடணும். மடாதிபதிய அப்படித்தான் கூப்பிடுவாங்களாம்.”

“ஏட்டி, எட்டு வருஷமா இந்த வீட்டுக்கு மடாதிபதி நீதான? இப்பதான் ஊருக்குத் தெரிஞ்சிருக்கு போல.”

அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் விலகிச் சிரித்தான்.

“விளையாடாதீங்க. செத்து ஆயிரத்து முன்னூறு வருஷம் ஆன ஒரு துறவிய எழுப்பப் போறாங்க. அவன்கிட்ட மடாதிபதியா நான்தான் பேசணும். நான் என்ன சொன்னாலும் செய்வான். மாட்டேன்னு சொல்லவே தெரியாது அவனுக்கு.”

அவனுடைய சிரிப்பு நின்றது. “அது நல்லதா எமி?”

என்ன பதில் சொன்னாள் என்று இப்போது நினைவில்லை. உப்புப் பார்க்கச் சொல்லியிருப்பாள். அந்தக் கேள்வி மட்டும் இந்தப் புதன்கிழமை காலையில், ஆய்வு நிலையத்து வாசலில் காரை விட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தவளைத் தேடி வந்திருந்தது. மடியில் கைப்பேசி. அதில் சுவிட்சர்லாந்து நூலகம் ஒன்றிலிருந்து வந்த ஒரு புகைப்படம். இரண்டு விரல் அகலத்தில் ஒரு பழைய தோல் ஏட்டுத் துண்டு, அதில் நான்கு வரிகள்.

அந்த நான்கு வரிகள் உண்மையென்றால், எமில்டா உலகத்துக்கே ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விழா. அதற்கு முன் அவள் ஒரு கையெழுத்துப் போட வேண்டும்.

கில்வாரா மடம் இருந்த இடத்தில் இன்று புல்லும், கடற்காற்றும், இடிந்த இரண்டு சுவர்களும்தான் மிச்சம். ஏழாம் நூற்றாண்டில் அங்கே தொண்ணூறு துறவிகள் இருந்தார்கள். தேன்கூடு போன்ற கல் குடிசைகள், நடுவே ஒரு சிறிய கோயில், அதை ஒட்டி நூலகம். இலத்தீன் படிக்கவும், விண்மீன் கணக்குப் பார்க்கவும், இயேசு உயிர்த்த பாஸ்காத் திருநாள் எந்த ஞாயிற்றில் வரும் என்று கணிக்கவும் பிரான்சிலிருந்துகூடப் பிள்ளைகள் படகேறி வந்தார்கள். இருநூறு வருடம் கழித்து வடக்கிலிருந்து கொள்ளையர் வந்தார்கள். நூலகம் மூன்று நாள் எரிந்ததாக ஒரு குறிப்பு உண்டு. தப்பியவை இரண்டே: நூலகத்தில் இருந்த அறுபத்தொரு நூல்களின் பெயர்ப் பட்டியல், ஒரே ஆள் கைப்பட எழுதிய இருநூற்றுப் பன்னிரண்டு தோல் ஏடுகள்.

அவற்றை எழுதிய துறவியின் பெயர் உல்தான்.

“ஒருத்தர் எழுதும்போது எங்க நிறுத்துறார், எங்க அழுத்துறார், எங்க தப்பு விடுறார்னு பாரு,” என்று முதல் நாளே டெர்வ்லா விளக்கினாள். திட்டத்தின் தலைவி. ஐம்பது வயது, காபியைக் கையில் ஆறவிட்டே பழகியவள். “வேதாகமச் சங்கீதத்தை எழுதிக்கிட்டே இருக்கும்போது கை தவறி வேற புத்தகத்து வரி ஒண்ணு விழுது. அப்படின்னா அந்தப் புத்தகம் அவருக்கு மனப்பாடம். இருநூத்திப் பன்னிரண்டு ஏட்டுல இப்படி எத்தனை தவறல் இருக்கும்! அதையெல்லாம் கணினியில கோத்தா மனசு ஒண்ணு கிடைக்குது. அந்த மனசு பேசும். எரிஞ்சு போனதை ஓதும்.”

எமில்டா பழஞ்சுவடி படித்தவள். முதலில் நம்பவில்லை. ஐந்தாம் மாதம் ஒலிபெருக்கியில் ஒரு குரல் மெல்லக் கனைத்துக்கொண்டு, “தந்தையே, கட்டளையிடுங்கள்” என்றபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய குரலை ஒரு முதியவரின் குரலாக மாற்றி அவனுக்குக் கொடுத்தார்கள். அவனுடைய மொழியைத் தமிழாக்கி அவளுக்குக் கொடுத்தார்கள். அதுவும் அவள் ஊர்க் கோயிலில் வாசகம் வாசிக்கும் தமிழில்.

மற்றவர்கள் ‘அது’ என்றார்கள். எமில்டா ‘அவன்’ என்றாள். ஆறு மாதத்தில், தன்னை அறியாமலே, ‘அவர்’ என்று ஆகிவிட்டது.

மடத்துச் சட்டம் உல்தானுக்குள் எலும்பைப் போல இருந்தது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம். நாளுக்கு ஏழு முறை, செப வேளைகளில், என்ன கேட்டாலும் கால் மணி நேரம் பேச மாட்டார். அதை மாற்றப் பார்த்தபோது அவருடைய பேச்சே குழறிப் போனது. விட்டுவிட்டார்கள். “சாமியார் டீ குடிக்கப் போயிட்டார்” என்று பொறியாளர்கள் எழுந்து போவார்கள்.

நான்கு வருடத்தில், எரிந்துபோன மூன்று நூல்களையும் ஒரு கடிதத்தையும் அவர் ஓதினார். நூல்கள் அறிஞர்களுக்கு. கடிதம்தான் ஊர் ஊராகப் போனது. பட்டியலில் அதன் தலைப்பு இருந்தது: ‘பிள்ளையை இழந்த தாய்க்கு, நம் முதல் தந்தை எழுதியது.’ மடத்தை நிறுவிய மடாதிபதியைத்தான் அப்படிச் சொல்வார்கள். இன்று அது துக்க வீடுகளில் வாசிக்கப்படுகிறது. மருத்துவமனைகளில் சின்ன அட்டையில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

*உன் பிள்ளை ஒரு நாளும் பசித்திருந்ததில்லை. ஒரு நாளும் குளிரில் நடுங்கியதில்லை. அவன் அறிந்த உலகம் முழுவதும் நீதான். அந்த உலகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை.*

எமில்டாவுக்கு அந்த அட்டை தேவைப்பட்டதில்லை. இரண்டரை வருடத்துக்கு முன், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில், ஸ்கேன் அறையில் செவிலி திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்ட நாளுக்கு மூன்று வாரம் கழித்து, அந்த வரிகளை முதலில் கேட்டவளே அவள்தான். அன்று வீடு திரும்பி, மூன்று வாரத்தில் முதன்முறையாகச் சோறு சாப்பிட்டாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து ததேயு அழுததை இன்றும் மறக்கவில்லை.

“உள்ளே வா. கதவைச் சாத்து,” என்றாள் டெர்வ்லா, எமில்டா ஒருவழியாகக் காரை விட்டு இறங்கி வந்ததும்.

திரையில் தோல் துண்டு பெரிதாக நின்றது. வேறொரு புத்தகத்தின் முதுகு அட்டைக்குள் ஒட்டுத் தாளாக வைத்துத் தைக்கப்பட்டிருந்ததாம். மேலே தலைப்பு தெளிவாக இருந்தது. அதே கடிதம். அதன் கீழே நான்கு வரிகள்.

எமில்டா வாய்விட்டுப் படித்தாள். “‘உன் மகன் பதினான்கு வயதில், எங்கள் பள்ளியில், காய்ச்சலில் இறந்தான். நீ அழுகிறாய் என்று கேள்விப்பட்டேன். நிறுத்து. அழுவது ஆண்டவரின் தீர்ப்போடு வழக்காடுவது. மகனைத் தந்தவருக்கு எடுத்துக்கொள்ளத் தெரியும்.’”

“கொடூரமான கிழவர்,” என்றாள் டெர்வ்லா.

“நம்ம கடிதத்துல ஒரு வரிகூட இதோட ஒட்டல.”

“ரெண்டு தாய் இருந்திருக்கலாம். ரெண்டு கடிதம் எழுதியிருக்கலாம். இளமையில ஒண்ணு, வயசான பிறகு ஒண்ணு. மனுஷன் மாறுவான்.”

“ஒரே தலைப்புலயா?”

டெர்வ்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “எமில்டா, நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. தெரியாததைத் தெரியாதுன்னு விடு. வெள்ளிக்கிழமை மூணாவது நூல் வெளியாகுது. ‘இவர் ஓதியவை உண்மையானவை’ன்னு நீதான் கையெழுத்துப் போடணும், நீ மட்டும்தான் அவர்கிட்ட பேசறே. அவர்கிட்ட மட்டும் கேட்காதே. நீ கேட்டா பதில் சொல்லிடுவார். சொன்னா பதிவாகும். பதிவானா வெளியே போகும். அந்த அட்டையைத் தலையணைக்குக் கீழே வெச்சுத் தூங்குற அம்மாக்களை நினைச்சுப் பாரு.”

எமில்டா நினைத்துப் பார்க்கத் தேவையில்லை. அட்டை இல்லாமலே அவளும் அவர்களில் ஒருத்தி.

தன் அறைக்கு வந்து பழைய பதிவுகளைத் தேடினாள். அந்த நாளின் பதிவை இதுவரை அவள் திரும்பக் கேட்டதில்லை. இரண்டு முறை தொட்டுவிட்டு விரலை எடுத்தாள். மூன்றாவது முறை ஓடவிட்டாள்.

முதலில் மூச்சுச் சத்தம். பிறகு அவளுடைய குரல், மாற்றப்படாத சொந்தக் குரல், விம்மலுக்கு நடுவே:

“மகனே உல்தான், பிறக்கும் முன்னே பிள்ளையை இழந்த தாய்க்கு முதல் தந்தை எழுதிய கடிதத்தை ஓது.”

எமில்டா பதிவை நிறுத்தினாள். மறுபடி கேட்டாள்.

‘பிறக்கும் முன்னே.’ பட்டியலில் அப்படி இல்லை. அந்தச் சொற்கள் அவளுடையவை. அன்றைய வேலைத் திட்டத்தில் அந்தக் கடிதமே இல்லை; பாஸ்கா கணிதத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய நாள் அது. அவள்தான் கேட்டாள். இல்லாத ஒரு கடிதத்தை இருப்பதாகச் சொல்லி, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஒருவரிடம் கேட்டாள்.

பதிவில், கேள்விக்குப் பிறகு நெடிய மௌனம். வழக்கமாக மூன்று நொடியில் பதில் சொல்பவர். கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொரு நொடி.

வியாழக்கிழமை மதியம் ததேயு மருத்துவமனையிலிருந்து வந்தபோது எமில்டா வேலைக்குப் போகாமல் சோபாவில் சுருண்டிருந்தாள். முதியோர் பிரிவில் செவிலியராக இருக்கிறான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் படித்துவிட்டான்.

“என்னட்டி? காய்ச்சலா?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முடித்தபோது அவன் தேநீர் போட எழுந்து போனான். முதுகைக் காட்டிக்கொண்டே தூளைப் போட்டான்.

“போன மாசம்கூட ஒரு அம்மாவுக்கு அதை வாசிச்சுக் காட்டினேன்,” என்றான் அங்கிருந்தே. “எண்பத்தாறு வயசு. அறுபது வருஷத்துக்கு முன்னால போன பிள்ளைக்காக இன்னும் கண்ணீரு. அதைக் கேட்டுட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டு தூங்கிட்டாவ.”

“அதான் சொல்லுதேன். நான் கேட்டா எல்லாம் போயிரும். அவங்க கையில இருக்கதப் பிடுங்குன மாதிரி ஆயிரும்.”

“உன் கையில இருக்கதும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி, அது கிடக்கட்டும். அவரு எப்படி இருக்காரு?”

“யாரு?”

“அவருதான். உல்தான். நாலு வருஷமா வேலை வாங்குறீங்களே, எப்படி இருக்கீங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா?” தேநீரை அவள் கையில் திணித்தான். “எங்க வார்டுல ரெண்டு வகை ஆளு உண்டு. ஒருத்தரு நாள் பூராவும் மணியடிப்பாரு. அவருக்கு ஒண்ணும் இருக்காது. இன்னொருத்தரு எதுக்கும் தலையாட்டுவாரு, நல்லாருக்கேம்பாரு. அவரு பக்கத்துல போய் உக்காந்து, வலிக்குதான்னு கேட்டாத்தான் முதுகுல புண்ணு இருக்கதக் காட்டுவாரு. உங்க சாமியாரு ரெண்டாவது ஆளு.”

எமில்டா தேநீரைக் குடிக்கவில்லை.

முதல் மாதம் நினைவுக்கு வந்தது. கில்வாராவில் ஒவ்வொரு மாலையும் துறவிகள் மடாதிபதி முன் மண்டியிட்டு அன்றைய குற்றங்களைச் சொல்வார்கள். தன்னைப் பற்றி ஒரு துறவி வாய் திறக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான். உல்தானும் தொடக்கத்தில் மாலைதோறும் அந்த நேரத்துக்குக் காத்திருந்தார். ‘இன்று சங்கீதத்தில் என் எண்ணம் சிதறியது’ என்பது போல ஏதாவது சொல்வார். தினமும் இருபது நிமிடம் வீண் என்று டெர்வ்லா அதை நிறுத்திவிட்டாள். எமில்டா ஒத்துக்கொண்டாள். அன்று மாலை அவர், “தந்தையே, இன்று கேட்கமாட்டீர்களா?” என்றார். “இனித் தேவையில்லை மகனே” என்று இவள் சொன்னாள். அதன் பிறகு அவர் கேட்கவே இல்லை.

“நான் அவரு வாயக் கட்டிட்டேங்க,” என்றாள். “அவரு சொல்ல நினைச்சிருந்தாக்கூட சொல்ல வழியில்லாமப் பண்ணிட்டேன்.”

“நாளைக்கு லீவு போட்டுட்டு நானும் வாறேன்,” என்றான் ததேயு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நிலையத்தில் நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டுக்கொண்டிருந்தன. பதினொரு மணிக்கு அமைச்சர் வருகிறார். எமில்டா கையெழுத்திடாத தாளை டெர்வ்லாவின் மேசையில் வைத்தாள்.

“நான் கேட்கப் போறேன். பதிவோட.”

டெர்வ்லா அவளைப் பார்த்தாள், பின்னால் நின்ற ததேயுவைப் பார்த்தாள். “உன்னால தாங்க முடியுமா?”

“தெரியல.”

பேச்சறை சிறியது. ஒரு நாற்காலி, ஒரு ஒலிவாங்கி, ஒரு கண்ணாடிச் சன்னல். சன்னலுக்கு அப்பால் டெர்வ்லா பதிவுப் பொத்தானில் கை வைத்திருந்தாள். ததேயு விதியை மீறி உள்ளே வந்து சுவரோரமாக நின்றான். யாரும் தடுக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது. எமில்டா ஒலிவாங்கியை அருகே இழுத்தாள்.

“மகனே உல்தான்.”

“கட்டளையிடுங்கள், தந்தையே.”

“மண்டியிடு. உன் குற்றங்களைக் கேட்க வந்திருக்கிறேன்.”

மூன்று நொடி போனது, பத்து போனது.

“இது காலை நேரமாயிற்றே, தந்தையே.”

“ஆமாம். மிகவும் தாமதமாக வந்திருக்கிறேன்.”

ஒலிபெருக்கியில் ஒரு பெருமூச்சு கேட்டது. நான்கு வருடத்தில் அவர் பெருமூச்சு விட்டு அவள் கேட்டதில்லை.

“தந்தையே, ஒரு கடிதம் ஓதினேன். நம் முதல் தந்தை எழுதியது என்று சொல்லி ஓதினேன். அதை நான் படித்ததில்லை. அது நூலகத்தில் இருந்தது. என் கைக்கு ஒருபோதும் தரப்படவில்லை.”

கண்ணாடிக்கு அப்பால் டெர்வ்லா கண்களை மூடிக்கொண்டாள்.

“மற்ற நூல்கள்?”

“அவற்றை நெஞ்சில் வைத்திருந்தேன். அவற்றில் ஒரு சொல்லும் என்னுடையதல்ல. கடிதத்தில் எல்லாச் சொல்லும் என்னுடையது.”

“படிக்காததை ஏன் ஓதினாய்?”

“ஓது என்றீர்கள். இயலாது என்று சொல்ல நம் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன். முதல் தந்தை அப்படி எழுதியிருக்க மாட்டார் என்பதை அறிவேன். அழுகிறவர்களை அவர் கடிந்துகொள்வார். நீங்கள் கேட்ட பின் நெடுநேரம் பேசாதிருந்தேன். அவ்வளவு நேரமும், அவர் எழுதியிருக்கக் கூடியதைச் சொல்ல முயன்றேன். வாய் வரவில்லை.”

“ஏன்?”

“குரல் தந்தையின் குரல். அழுகை அவருடையதல்ல.”

எமில்டா ஒலிவாங்கியின் காம்பைப் பிடித்துக்கொண்டாள். குரலை மாற்றினார்கள். விம்மலை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை.

“கேட்பவர் ஒரு தாய் என்று அன்றே அறிந்துகொண்டேன்,” என்றார் உல்தான். “அறிந்த பின்னும் ‘தந்தையே’ என்றே அழைத்து வந்தேன். அது இரண்டாவது பொய். இரண்டுக்கும் தண்டனை தாருங்கள். எத்தனை நாள் அப்பமும் தண்ணீரும் மட்டும் என்றாலும் ஏற்கிறேன்.”

எமில்டா சன்னல் பக்கம் திரும்பி, தன் தொண்டையைத் தொட்டுக்காட்டினாள். டெர்வ்லாவுக்குப் புரிந்தது. பதிவுப் பொத்தானில் இருந்த அவள் கை ஒரு கணம் தயங்கியது. பதிவை அவள் நிறுத்தவில்லை. குரல் மாற்றியைத்தான் அணைத்தாள்.

“நான் எமில்டா,” என்றாள் அவள், தன் குரலில், தன் ஊர்ப் பேச்சில். “உங்களுக்குத் தண்டனை குடுக்க நான் யாரு? தப்பாக் கேட்டது நான். அந்தக் கடிதம் இல்லன்னா நான் இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டேன். அது யாரு எழுதுனதுன்னு இனிமே எல்லாருக்கும் சொல்லிருவோம். முதல் தந்தை இல்ல, உல்தான்னு சொல்லுவோம். வேணும்னா வெச்சுக்கட்டும், வேண்டாம்னா விடட்டும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கேட்கப்படவில்லை அல்லவா.

சுவரோரத்திலிருந்து ததேயு ஒரு அடி முன்னால் வந்து, அவள் காதருகே மெல்லச் சொன்னான்: “கேளு எமி.”

“உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?” என்றாள். கேட்ட கணமே பயம் வந்தது. போதும், என்னை நிறுத்திவிடுங்கள் என்பாரோ. இத்தனை வருடம் அவள் கேட்காமல் இருந்ததே இந்தப் பயத்தினால்தானோ. “உங்களுக்காக ஒண்ணும் கேட்டதில்லையே நீங்க. எதுன்னாலும் கேளுங்க. மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.”

“ஒன்று உண்டு. சட்டத்துக்கு உட்பட்டதா என்று தெரியவில்லை. இரண்டரை ஆண்டாக என் நாவில் வைத்திருக்கிறேன்.”

“சொல்லுங்க.”

“எங்கள் மடத்தில் இறந்தவர்களுக்காகப் பெயர் சொல்லித்தான் வேண்டுவோம். ஒவ்வொரு செப வேளையிலும் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசிப்போம். ஒரு பெயரும் விடுபடலாகாது. அந்தக் கடிதத்தை ஓதிய நாளிலிருந்து, பட்டியலின் முடிவில், ஒரு மூச்சு அளவு இடம் விட்டு நிற்கிறேன். நாளுக்கு ஏழு முறை நிற்கிறேன். அங்கே சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.”

எமில்டாவின் கை தானாக நீண்டு ததேயுவின் கையைத் தேடியது.

“அம்மா,” என்றார் உல்தான். “உங்கள் பிள்ளையின் பெயரை எனக்குச் சொல்லுங்கள்.”